ஏணிவாயில் உட்கார்ந்த தொடைநடுங்கி

துறைமுகத்தில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக, "என் பலமும் என் தொழிலும்" என்று ஏதாவது எழுதித் தரச் சொல்லி, பயிற்சிப் பகுதியிலிருந்து ஒரு பிள்ளை தொலைபேசியில் கேட்டாள்.

"பிள்ளை, ஆளைத் தெரிஞ்சுதான் கேக்கிறீங்களோ?" என்றேன்.

"ஓம் ஐயா. சர்வீஸ் முழுக்க ஒரு காயமும் படாத ஆள் எண்டு சொன்னவை."

"காயம் வாற பக்கம் நான் போறதில்லை, பிள்ளை. அவ்வளவுதான் ரகசியம்."

அவள் சிரித்தாள். நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்துவிட்டாள். இந்தக் கதை முழுவதும் அந்தச் சிரிப்பைப் பற்றியதுதான்.

உங்களிடமும் முதல் நாளே ஒரு படிவத்தை நீட்டியிருப்பார்கள். "உமது மூன்று பலங்களைக் குறிப்பிடுக" என்று அதில் மூன்று கோடுகள் இருக்கும். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. பக்கத்தில் இருந்தவனுடையதை எட்டிப் பார்த்து, துணிவு, உடல்வலிமை, நீச்சல் என்று எழுதிக் கொடுத்தேன். மூன்றும் பொய். உப்புவெளியில், கடலுக்கு இருநூறு அடி தள்ளிப் பிறந்தவன் நான். கணுக்காலுக்கு மேல் கடலில் நனைந்தது கிடையாது. உடல்வலிமை என்று சொல்ல என்னிடம் வயிறு ஒன்றுதான் இருந்தது. துணிவைப் பற்றி, என்னோடு வேலை செய்தவர்கள் எனக்கு வைத்த பெயரே சொல்லும்: தொடைநடுங்கி. நேரில் "அண்ணே" என்பார்கள். நான் ஒரு கொண்டெயினருக்குப் பின்னால் நின்றால், "தொடைநடுங்கி எங்க?" என்று கேட்கும்.

என் வேலை, சரக்குக் கப்பலின் மேல்தளத்தில், கிடங்கின் வாயருகே நிற்பது. கீழே கிடங்குக்குள் ஆட்கள் வேலை செய்வார்கள். மேலே கிரேன்காரர் தன் கூண்டுக்குள் இருப்பார். அவருக்குக் கீழே நடப்பது தெரியாது. கீழே உள்ளவர்களுக்கு மேலே நடப்பது தெரியாது. இரண்டுக்கும் நடுவில் நின்று, தூக்கு, இறக்கு, நிறுத்து என்று கை காட்டுகிறவன் நான். இறங்கத் தேவையில்லாத வேலை என்பதால் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

பயம் எனக்கு முதலில் முழங்காலுக்கு வரும். பிறகு காதுக்கு வரும். கம்பி இழுபடும் சத்தம் கொஞ்சம் மாறினால் போதும், கழுத்துப் பின்புறம் குளிர்ந்துவிடும். பத்துத் தடவையில் எட்டுத் தடவை ஒன்றும் இராது. வீணாகக் கிரேனை நிறுத்தியிருப்பேன். கீழே இருந்து கூச்சல் வரும். "என்ன அண்ணே, காகம் பறந்ததோ?"

ஒரு நாள் காலையில் மட்டும் இரண்டு தடவை வீணாக நிறுத்திவிட்டேன். சீமெந்துப் பைகள் ஏற்றும் வேலை. மூன்றாவது தூக்கின்போது, பைகளைச் சுற்றிக் கட்டிய பட்டியின் ஓரத்தில் ஒரு வெட்டு இருப்பதைக் கண்டேன். விரல் நகம் அளவுதான். முழங்கால் சொன்னது, நிறுத்து என்று. ஆனால் கீழே எல்லாரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார்கள், இந்த முறை என்ன சாட்டுச் சொல்லப் போகிறான் என்ற சிரிப்போடு. நான் கையால் "தூக்கு" என்றேன்.

பட்டி கிடங்குக்கு மேலே வைத்து அறுந்தது.

அந்தச் சத்தத்தை எழுத்தில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. சத்தத்துக்குப் பிறகு வந்த தூசியைப் பற்றிச் சொல்கிறேன். கிடங்கு முழுவதும் வெள்ளையாக எழும்பிக் கீழே எதுவும் தெரியவில்லை. பைகள் விழுந்த இடத்தில் ஒரு நிமிடம் முன்பு வரை மூதூர் பாரூக் நானா நின்றுகொண்டிருந்தார். அந்த ஆட்களிலேயே மூத்தவர், அண்ணன் முறையில் எல்லாருக்கும் நானா. நான் விளிம்பைப் பிடித்தபடி, பெயர் சொல்லிக் கூப்பிடவும் பயந்து நின்றேன். கூப்பிட்டுப் பதில் வராவிட்டால் பிறகு எனக்கு என்ன இருக்கிறது?

தூசிக்குள் இருந்து ஒரு இருமல் வந்தது. பிறகு என் குடும்பத்தில் ஒருவரையும் மிச்சம் விடாத ஒரு திட்டு வந்தது. அவ்வளவு இனிமையான திட்டை நான் அதற்கு முன் கேட்டதில்லை. தலைக்கவசம் கழன்று உருண்டதாம். அதை எடுக்க நானா நாலு அடி தள்ளிப் போயிருக்கிறார்.

அன்று தேநீர் நேரத்தில் கிரேன்காரர் கன்ரீனில் என் முன்னால் வந்து உட்கார்ந்தார். அவர் பெயரை எழுத மாட்டேன். எழுதினால் வீடு தேடி வந்து ஏசுவார். ஒரு நாளைக்கு ஒன்பது வார்த்தைக்கு மேல் பேசாத மனுசன் அன்று மட்டும் ஒரு மாதத்துப் பேச்சைப் பேசினார்.

"பட்டியில வெட்டு இருந்ததைப் பாத்தனீரோ?"

"பாத்தனான்."

"தெரியும். உம்மட முகம் செத்த மீன் மாதிரிப் போச்சு. அதைக் கண்டுதான் நிப்பாட்டப் போனன். உம்மட கை தூக்கு எண்டுது. கையை நம்பிட்டன்." பிளேன்ரீயை ஒரு மிடறு குடித்தார். "இனி நான் கையைப் பாக்க மாட்டன், முகத்தைத்தான் பாப்பன். நீர் பயந்தா கிரேன் நிக்கும். கீழ இருக்கிற ஆக்கள் சிரிக்கட்டும். மேல இருந்து ஒருத்தரும் சிரிக்க மாட்டினம்."

தம்பிமார், தங்கச்சிமார், தன் பலம் இன்னதென்று ஒருவன் அறிகிற நேரம் பெருமையாக இருக்கும் என்று நினைக்காதீர்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. இத்தனை வருடம் மறைக்கப் பாடுபட்ட ஒன்றைத்தான், அந்த ஆள் வேலைக்கு ஆகும் சாமான் என்று மேசையில் எடுத்து வைத்தார்.

அதன் பிறகு, உண்மையாகவே, நான் பயந்தால் கிரேன் நின்றது. எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட வந்தது. ஆனாலும் "எனக்குப் பயமாக இருக்கிறது" என்று ஆட்களின் முகத்தைப் பார்த்துச் சொல்ல நாக்கு எழவில்லை. ஆகவே ஒரு தந்திரம் பண்ணினேன். பயத்தைப் பகிடிக்குள் சுற்றிக் கொடுத்தேன். ஏணி வழுக்கினால், "இன்சூரன்ஸ் கட்டியாச்சோ?" என்று கேட்பேன். தூக்கு ஆடினால், "ஊஞ்சல் திருவிழா முடியும் வரைக்கும் தள்ளி நில்லுங்கோ" என்பேன். அவர்கள் சிரித்துக்கொண்டே தள்ளி நின்றார்கள். எல்லாருக்கும் மரியாதை மிஞ்சியது. இதைவிட நல்ல முறை உலகத்திலேயே கிடையாது என்று நினைத்திருந்தேன்.

பாரூக் நானாவுக்கும் எனக்கும் தனியாக ஒரு வழக்கம் இருந்தது. அவர் வீட்டில் எருமைகள் உண்டு. கிழமைக்கு ஒரு சட்டித் தயிர் எனக்குக் கொண்டுவருவார். நான் அந்தத் தயிரைக் குறை சொல்லுவேன். கீழே தூசியில் ஆள் தெரியாதபோது, சில நிமிடத்துக்கு ஒருமுறை மேலே இருந்து கத்துவேன். "நானா, தயிர் புளிச்சுப் போச்சு!" கீழே இருந்து உடனே பதில் வரும். "புளிச்சது உன்ட நாக்குடா தம்பி!" பார்க்கிறவர்களுக்கு அது வீண் வாய். எனக்கு அதுதான் ஆள் சுகமாக இருக்கிறார் என்பதற்கு அடையாளம். திட்டு வரும் வரை என் முழங்கால் சும்மா இருக்காது.

இனிச் சொல்லப் போவது, ஓய்வு பெறுவதற்குச் சில வருடங்களுக்கு முன், ஒரு மாரி காலத்தில் நடந்தது.

கால்நடைத் தீவனத்துக்கான புண்ணாக்கு ஏற்றி வந்த கப்பல். மழை விடாமல் பெய்ததால் கிடங்கின் பெரிய மூடிகளை இரண்டு நாள் இறுக்கி மூடி வைத்திருந்தோம். மூன்றாம் நாள் காலை தூறல் குறைந்தது. அரை மணித்தியாலத்தில் மூடியைத் திறக்கலாம் என்றார்கள். கிடங்குக்குள் இறங்க, பெரிய மூடிக்குப் பக்கத்தில் ஒரு ஆள் நுழையும் அளவுக்குச் சின்ன வாய் ஒன்று உண்டு. அதற்குள் இருட்டில் ஒரு இரும்பு ஏணி, நடுவில் ஒரு தட்டில் திரும்பி, கீழே போகும். இரண்டு மண்வெட்டிகளைக் கீழே விட்டுவிட்டு வந்திருந்தார்கள். கிரேன் தொடங்கினால் அவை சரக்கோடு புதைந்துவிடும் என்று, பாரூக் நானா அந்தச் சின்ன மூடியைத் திறந்தார்.

மூடிய கிடங்குக்குள் இறங்குமுன் காற்றை அளக்க வேண்டும். அது சட்டம். அளக்கும் மீற்றர் கரையில் இருந்து வந்துகொண்டிருந்தது.

"மீற்றர் வரட்டுமன், நானா," என்றேன்.

"ரெண்டு மண்வெட்டிதானே. ரெண்டு நிமிசம்." குனிந்து மோந்து பார்த்தார். "வாசம் நல்லாத்தானே இரிக்கி."

நல்ல வாசம்தான். வறுத்த கச்சான் கடலை மாதிரி. அந்த வாசத்தில்தான் என் கழுத்துக் குளிர்ந்தது. இரண்டு நாள் மூடிக் கிடந்த சரக்கு, தன் பாட்டில் சூடாகி, உள்ளே இருந்த காற்றில் மூச்சுக்கு வேண்டியதை எல்லாம் தின்றிருக்கலாம். அப்படிக் கெட்ட காற்றுக்கு ஒரு மணமும் கிடையாது. பாதுகாப்புப் புத்தகத்தில் படித்திருந்தேன். அந்த நேரத்தில் நான் அவருடைய கையைப் பிடித்திருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா?

"அப்ப உள்ள காத்து இருக்கோ எண்டு ஒருக்காத் தட்டிக் கேட்டுட்டு இறங்குங்கோ," என்றேன். "இல்லாட்டி அந்தத் தயிர்ச் சட்டியள எனக்கு எழுதி வைச்சிட்டுப் போங்கோ."

எல்லாரும் சிரித்தார்கள். நானாவும் சிரித்தார். மூடியில் மூன்று தடவை தட்டி, "ஆரும் இரிக்கிறீங்களா?" என்று இருட்டைப் பார்த்துக் கேட்டார். பிறகு இறங்கினார்.

ஏணிப் படியில் அவருடைய சப்பாத்துச் சத்தம் கேட்டது. நான் வழக்கம்போலக் கத்தினேன்.

"நானா! முந்தநாள் தந்த தயிர்ல தண்ணி கூட! கொட்டியாரக் குடா முழுக்க அதுக்குள்ள கிடந்துது!"

சப்பாத்துச் சத்தம் நின்றது. பிறகு, ஈரச் சாக்கு ஒன்றை யாரோ மெதுவாகக் கீழே வைத்ததுபோல ஒரு சத்தம்.

திட்டு வரவில்லை.

"கோவிச்சிட்டார் போல," என்றான் செல்வம். சல்லிக் கிராமத்தில் இருந்து வருகிற பொடியன். நானாவோடு ஒரே சாப்பாட்டுப் பெட்டியில் கை வைத்துச் சாப்பிடுகிறவன்.

இன்னொரு முறை கூப்பிட்டேன். கிடங்கு என் குரலை மட்டும் திருப்பித் தந்தது. டோர்ச் அடித்துப் பார்த்தேன். கீழே, ஏணி திரும்பும் தட்டில், மஞ்சள் தலைக்கவசம் தெரிந்தது. அதற்குப் பக்கத்தில் ஒரு கை, உள்ளங்கை மேலே பார்த்தபடி கிடந்தது.

"விழுந்திட்டார்!" செல்வம் ஓடி வந்தான். "விலகுங்கோ அண்ணே, நான் போய்த் தூக்கிறன்."

அவன் போயிருப்பான். கடலில் குதித்து ஆளைத் தூக்கியவன். அவனுடைய படிவத்தில் இருந்த மூன்று பலமும் உண்மை. அவனுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவனைத் தூக்க ஒருவன், அவனைத் தூக்க இன்னொருவன். கப்பல்களில் ஆட்கள் இப்படித்தான் சாகிறார்கள் என்று படித்த அந்தப் பக்கம் அப்படியே என் கண் முன்னால் வந்து நின்றது.

நான் அந்த ஏணிவாயில் உட்கார்ந்தேன். யோசித்துச் செய்யவில்லை. கால் இரண்டையும் உள்ளே விட்டு, வயிற்றால் வாயை அடைத்து, இரும்பு விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"எழும்புங்கோ!"

"ஏலாது. உள்ள மூச்சுக்குக் காத்து இல்லை."

"இந்த நேரத்திலயும் பகிடி விடாதைங்கோ அண்ணே!"

அந்தச் சொல் எனக்குப் பிறகு விழுந்த உதையைவிட நோகிறது, இன்றைக்கும். என் சீவியத்தில் முதல் தடவை நான் பகிடி விடவில்லை. அதை நம்ப அங்கே ஒருவரும் இல்லை. இருபது வருடப் பகிடிக்கு அன்றைக்குத்தான் வட்டி கட்டினேன்.

"செல்வம், எனக்குப் பயமா இருக்கு," என்றேன்.

"உங்களுக்கு எப்பதான் பயமில்லை! அங்க மனுசன் சாகுது!"

"ஓம். நீ போனா நீயும் சாவாய்."

"உங்கட சொந்தத் தம்பி எண்டா இப்பிடி இருப்பீங்களோ?"

அவன் என் தோளைப் பிடித்து இழுத்தான். விலாவில் உதைத்தான். இன்னொருவன் என் விரல்களை ஒவ்வொன்றாகக் கழற்றப் பார்த்தான். நான் கிரேன் கூண்டைப் பார்த்தேன். கை காட்ட வழியில்லை. இரண்டு கையும் விளிம்பில். முகம் மட்டும்தான் மிச்சம். என்ன முகம் காட்டினேனோ தெரியாது. கிரேனின் ஹோர்ன் அலறத் தொடங்கியது. விட்டுவிட்டு இல்லை, நிறுத்தாமல், ஒரே சத்தமாக. முன்தளத்தில் நின்ற கப்பல் மாலுமிகள் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு ஓடினார்கள்.

அவர்கள் சுவாசக் கருவிகளை எடுத்துக்கொண்டு வரும் வரையிலான நேரத்தைப் பற்றித்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். இப்போது எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை. என் கால்கள் அந்த ஓட்டைக்குள், இருட்டில் தொங்கிக்கொண்டிருந்தன. கீழே இருந்து ஒரு கை வந்து அவற்றைப் பிடிக்கும் என்று பயந்தேன். பிறகு, பிடிக்காதா என்று ஏங்கினேன். செல்வம் உதைப்பதை நிறுத்தி, என் முதுகில் தலையை வைத்து அழுதான். அதைவிட உதையே பரவாயில்லை.

மாலுமிகள் இரண்டு பேர், முதுகில் சிலிண்டரும் முகத்தில் மூடியுமாக வந்து நின்றார்கள். நான் எழும்ப வேண்டும். வயிறு சிக்கிக்கொண்டது. இவ்வளவு நேரம் என்னை அசைக்க முடியாமல் நின்ற செல்வம்தான், இரண்டு கமுக்கட்டிலும் கை கொடுத்து என்னை இழுத்து எடுத்தான். அன்போடு இழுத்தான் என்று சொல்ல மாட்டேன்.

அதற்குள் மீற்றரும் வந்துவிட்டது. கயிற்றில் கட்டி அதை முதலில் இறக்கினார்கள். ஏணியின் பாதி தூரம்கூடப் போகவில்லை. கீச்சென்று கத்தத் தொடங்கி, நிறுத்தவே இல்லை. செல்வம் அந்தச் சத்தத்தைக் கேட்டபடி ஓட்டையைப் பார்த்தான். என்னைப் பார்க்கவில்லை.

நானாவைத் தூக்கி எடுத்தபோது உதடு நாவல்பழ நிறம்.

ஆஸ்பத்திரியில் ஒரு மர வாங்கில் நானாவின் மனைவியும் நானும் உட்கார்ந்திருந்தோம். மூதூரில் இருந்து பஸ்ஸில் வந்திருந்தார். என் சட்டையில் ஒட்டியிருந்த துருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: "கடைசியா உங்களோடதானே கதைச்சவர். என்ன கதைச்சவர்?"

தயிர்ச் சட்டிகளை எழுதி வைக்கச் சொன்னேன் என்று எப்படிச் சொல்வது? "தயிரைப் பத்தி," என்றேன். அவர் தலையை ஆட்டினார். அந்த வாங்கில் இருந்த இரண்டு நாளும் நான் ஒரு பகிடியும் விடவில்லை. அவ்வளவு நேரம் வாய் மூடி இருந்தது எனக்கு அதுதான் முதல் தடவை.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நானா இறந்திருந்தால், மீற்றர் கத்தியது ஒருவருக்கும் நினைவிராது. ஏணிவாயில் ஒரு தொடைநடுங்கி உட்கார்ந்து, தூக்கப் போனவர்களை மறித்தான் என்பதுதான் நிற்கும். செல்வம் அதை வாழ்நாள் முழுவதும் சொல்லுவான். அவன் சொல்வது பிழை என்று என்னால் ஒரு நாளும் காட்டியிருக்க முடியாது. உங்கள் பலத்தைக் கண்டுபிடியுங்கள் என்று சொல்கிறவர்கள் இதைச் சொல்வதில்லை. அது சில நேரம் உங்களை இந்த மாதிரி ஒரு இடத்தில் கொண்டுபோய் இருத்திவிடும். அன்றைக்கு நான் செய்ததில் உட்கார்ந்தது அல்ல பிழை. உட்காருவதற்கு ஐந்து நிமிடம் முன்பு, சொல்ல வேண்டியதைச் சிரிக்கும்படி சொன்னேனே, அதுதான் பிழை. என்னிடம் இருந்த நல்ல சாமானை நானே கடுதாசியில் சுற்றி, விளையாட்டுச் சாமானாக்கிக் கொடுத்துவிட்டேன்.

மூன்றாம் நாள் காலை என்னை உள்ளே விட்டார்கள். நானா கண் திறந்து கிடந்தார். குரல் மணலில் சட்டி இழுபடுவது மாதிரி இருந்தது.

"தயிர்ல தண்ணி இல்ல," என்றார்.

நான் குனிந்து காதைக் கொடுத்தேன்.

"நீ கத்தினது கேட்டிச்சி. பதில் சொல்லத்தான் மூச்சு வரல்ல." கண்ணை மூடினார். "தண்ணி இல்ல, வெளங்கினதா?"

"ஓம் நானா. நல்ல கட்டித் தயிர்," என்றேன். அவருடைய தயிரை நான் நல்லதென்று சொன்னது அன்றைக்கு மட்டும்தான். அவர் பயந்துபோய்க் கண்ணைத் திறந்து, தாதியிடம், "மிஸ், எனக்கு நோய் சரியான கடுமையா?" என்று கேட்டார்.

செல்வம் என்னோடு கதைக்கவில்லை. கிழமைகள் போயின. நானா கரையில் லேசான வேலைக்குத் திரும்பினார். என் விலா நோவும் மாறியது. அவன் வருவான், வேலை செய்வான், போவான். மன்னிப்புக் கேட்பான் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கேட்டால் எனக்குத்தான் வெட்கம்.

பிறகு ஒரு கப்பல் வந்தது. மரக்கட்டை, அதுவும் மூடி வைத்தால் காற்றைத் தின்கிற சரக்குத்தான். மூடிக் கிடந்த கிடங்கு. நான் என் இடத்தில் நின்றேன். செல்வம் அந்தச் சின்ன வாய்க்குப் பக்கத்தில் போய், மூடியில் கை வைத்தான். திறக்கவில்லை. என் பக்கம் திரும்பினான்.

"அண்ணே," என்றான், "பயமா இருக்கோ? பகிடி இல்லாமச் சொல்லுங்கோ."

நாக்கு நுனியில் மூன்று பகிடிகள் வந்து வரிசையில் நின்றன. விழுங்கினேன்.

"ஓம் செல்வம். பயமா இருக்கு."

மீற்றர் வரும் வரைக்கும் அவன், கையைக் கட்டிக்கொண்டு, அந்த மூடியின் மேல் உட்கார்ந்திருந்தான்.